அறுபத்திரண்டு எபிசோடு, ஒரே டிஸ்க்கு

போன ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். மாமியாருக்கு ஒரு டிவிடி போட்டுக் கொடுக்கணும்.

அவ்வளவுதான். ராக்கெட் விடச் சொல்லல.

"இந்தக் காலத்துல யாருய்யா டிவிடி பாக்கா?"ன்னு நீங்க கேக்குறது எனக்குக் கேக்குது. நானும் அதைத்தான் கேட்டேன். கேட்ட பாவத்துக்கு என் வீட்டுக்காரி ஜெயா அரை மணி நேரம் பதில் சொன்னா. உங்களுக்காக சுருக்கிச் சொல்றேன்.

அத்தை இருக்கிறது செம்பூர்ல, பழைய நாலு மாடி பில்டிங். ரீடெவலப்மென்ட்டுக்குப் போகுது. அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள எல்லாரும் காலி பண்ணியாகணும். மாமா பெரிய சாமானை எல்லாம் டெம்போவுல ஏத்திக்கிட்டு முன்னாடியே டோம்பிவிலி வாடகை வீட்டுக்குப் போயிட்டாரு. புது டிவியும் அவரோட போயிருச்சு. கேபிளையும் வெட்டியாச்சு. செம்பூர் வீட்டுல மிச்சம் இருக்கிறது ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், அத்தை. அப்புறம் பங்கார்வாலா வந்து பழைய சாமானோட அள்ளிக்கிட்டுப் போகட்டும்னு மூலையில வச்சிருந்த பழைய டிவியும் டிவிடி பிளேயரும்.

எதிர் வீட்டுல ஷிண்டே காக்கு. மராட்டிக்கார அம்மா. தமிழ்ல வா, போ, சாப்பிடு, இந்த மூணு வார்த்தைதான் தெரியும். ஆனா பதினாறு வருஷமா தினம் சாயங்காலம் அத்தை வீட்டுல உக்காந்து தமிழ் சீரியல் பாக்குறாங்க! அத்தை பக்கத்துல இருந்து இந்தியில கதை சொல்லுவாங்க. அத்தையோட இந்தியில ஆம்பள பொம்பள வித்தியாசம் கிடையாது, நேத்து நாளைக்கு வித்தியாசமும் கிடையாது. காக்குவுக்கு அது போதும்.

மூணு மாசத்துக்கு முன்னாடி காக்கு, மக பிரசவத்துக்காக சாத்தாராவுக்குப் போனாங்க. சீரியல் அப்பத்தான் கடைசிக் கட்டத்துக்கு வந்திருக்கு. சின்ன மருமக, பெரிய மருமக மேல கொலைப் பழியைப் போட்டுட்டா. "நீ திரும்பி வர்ற வரைக்கும் நானும் பாக்க மாட்டேன்"னு அத்தை காக்குகிட்ட சத்தியம் பண்ணிட்டாங்க.

பண்ணினதோட நிக்காம காப்பாத்தவும் செஞ்சாங்க! சீரியல் நேரத்துல டிவியை அணைச்சுட்டு, மேல் வீட்டுல ஓடுற சத்தம் காதுல விழுந்துரக் கூடாதுன்னு மிக்சியைப் போட்டுக்குவாங்களாம். அந்த மூணு மாசமும் அந்த வீட்டுல தினமும் தேங்காச் சட்னி. மாமா அவ்வளவு சீக்கிரமா டோம்பிவிலிக்குக் கிளம்பினதுக்கு இதுவும் ஒரு காரணம்னு ஜெயா சொல்றா.

சீரியல் முடிஞ்சு போச்சு. மொத்தம் அறுபத்திரண்டு எபிசோடு பாக்கி. மச்சினன் எல்லாத்தையும் ரெக்கார்டு பண்ணி பென்டிரைவுல வச்சிருக்கான். காக்குவும் வந்தாச்சு. ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் அத்தை டோம்பிவிலி, காக்கு மகன் வீட்டோட பன்வெல். ரெண்டும் ரெண்டு ரயில் லைன். ரெண்டு பேருக்கும் முட்டி வலி. அதுக்கு முன்னாடி சேந்து உக்காந்து கதையை முடிச்சிரணும். அத்தை கேட்டது இது ஒண்ணைத்தான்.

"போன்லயே பாக்கலாமே அத்தை?"ன்னு கேட்டேன்.

"அந்தத் துண்டுக்குள்ள ரெண்டு கிழவியளும் எப்படி மருமவனே தலையை விடுறது?"

"பிளேயர்ல பென்டிரைவ் போடுற ஓட்டை இருக்குமே?"

"ஒங்க மாமா ஒருநாள் தலைகீழா திணிச்சாவ. உள்ள இருந்த நாக்கு ஒடிஞ்சு போச்சு."

"சரி, அப்ப டிவிடிதான். ஒரு பத்து டிஸ்க்குல போட்டுத் தாரேன்."

"பத்தா? ஒண்ணுதான் போடணும். அந்தப் பொட்டிக்குள்ள போன டிஸ்க்கு சாமானியமா வெளிய வராது. போன டிஸ்க்கை எடுக்க எட்டு மாசம் ஆச்சு. ஒரே டிஸ்க்குல எல்லாம் இருக்கணும். தெளிவாவும் இருக்கணும். முடியலன்னா சொல்லிருங்க, நான் வேற ஆளைப் பாக்கேன்."

வேற ஆளா! இந்த இடத்துலதான் என் நாக்குல சனி வந்து உக்காந்தான்.

நான் தாராவியில ரெடிமேட் சட்டைப் பட்டறையில கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கி விரிச்சு, மேல கோடு போட்டு வெட்டுறது என் வேலை. எட்டு சட்டைக்குன்னு வாங்கின துணியில ஒன்பதாவது சட்டையை எடுத்துக் காட்டி சேட்டுகிட்ட சபாஷ் வாங்கினவன். ஒரு விரற்கடைத் துணி வீணாப் போனா எனக்குச் சோறு இறங்காது.

"அத்தை, துணியா இருந்தா என்ன, சீரியலா இருந்தா என்ன? அடக்குற கைதான் முக்கியம். செவ்வாக்கிழமை கொண்டு வாரேன். ஒரே டிஸ்க்கு. கண்ணாடி மாதிரி இருக்கும்."

"செவ்வா, புதன், வியாழன், வெள்ளி, சனி. அஞ்சு நாள் இருக்கு"ன்னு அத்தை விரலை மடக்கி எண்ணினாங்க. நேரம் குறைச்சலா இருக்கேன்னு கவலைப்படுறாங்க போலன்னு நான் நினைச்சேன். நான் நினைச்சதெல்லாம் இப்படித் தப்பாத்தான் போச்சு, வரிசையா பாருங்க.

நேரா தாராவிக்கு வந்து தங்கராஜ் அண்ணாச்சி கடையில நின்னேன். கல்யாண வீடியோ எடுக்குறவரு. எங்க தெருவுல பாதிப் பேரு அவரு கேமராவைப் பாத்து இளிச்சுக்கிட்டே தாலி கட்டினவங்கதான், என்னையும் சேத்து.

"அண்ணாச்சி, ஒரு டிவிடி போடணும்."

என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. "கேசட்டு வேண்டாமா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"மொத்தம் எத்தனை மணி நேரம் வே?"

"இருபத்திரண்டு மணி நேரம்."

"மாஸ்டரே, ஒரு டிஸ்க்குல ரெண்டு மணி நேரம் போட்டா முகம் முகமாத் தெரியும். நாலு மணி நேரம் போட்டா தூரத்துச் சொந்தம் மாதிரி தெரியும்."

"இருபத்திரண்டு போட்டா?"

"ஆள் இருக்குன்னு தெரியும்."

"ரெண்டு அடுக்கு டிஸ்க்குன்னு ஒண்ணு இருக்காமே?"

"இருக்கு. நீரு சொல்லுத பிளேயர் காலுல விழுந்தாலும் அதை எடுக்காது."

"பரவால்ல, நீங்க போடுங்க. கொஞ்சம் மங்கினா என்ன, கதைதானே முக்கியம்?"

அண்ணாச்சி தலையில அடிச்சுக்கிட்டு கம்ப்யூட்டரை முடுக்கி விட்டாரு. காலையில பத்து மணிக்கு ஆரம்பிச்சது சாயங்காலம் ஆறுக்கு முடிஞ்சுது. நடுவுல ஒரு கல்யாண வீட்டுக்காரங்க ஆல்பம் கேட்டு வந்து, "இருங்க, மாஸ்டரோட மாமியா உள்ள ஓடுறாவ"ன்னு அவரு சொன்னதைக் கேட்டு மிரண்டு போயிட்டாங்க.

வீட்டுக்கு வந்து லேப்டாப்புல போட்டேன். ஜெயா பக்கத்துல வந்து உக்காந்தா.

சத்தம் நல்லா கேட்டுச்சு. படம்தான்... மொசைக் தரையில தண்ணி ஊத்தினாப்புல இருந்துச்சு. முகத்துல கண்ணு, மூக்கு, வாய் எல்லாம் சேந்து மொத்தமே எட்டுக் கட்டம். அந்த எட்டும் ஒரு இடத்துல நிக்காம இடம் மாறிக்கிட்டே இருக்கு.

"இது யாருங்க?"

"பெரிய மருமக."

"அப்ப பேசுறது?"

நல்லா குனிஞ்சு பாத்தேன். நான் பெரிய மருமகன்னு சொன்னது சோபா.

"அரே யார்! காக்குவுக்குத் தமிழே தெரியாது. நடிக்கிறவங்க முகத்தைப் பாத்துத்தான் பாதிக் கதையைப் புரிஞ்சுக்குவாங்க. இதைப் போய்க் கொடுப்பீங்களா? அம்மா உங்களை அப்படியே பங்கார்வாலாகிட்ட தூக்கிக் குடுத்துரும்."

ரோஷம் வந்துருச்சு. அந்த டிஸ்க்கை ஓரமா வச்சிட்டு, திங்கக்கிழமை பட்டறைக்கு வயித்து வலின்னு சொல்லிட்டு மறுபடியும் அண்ணாச்சி கடைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, தெளிவைக் குறைக்க வேண்டாம். நீளத்தைக் குறைப்போம். இருபத்திரண்டு மணி நேரத்துல எது வேஸ்ட்டுன்னு பாப்போம்."

எது வேஸ்ட்டா? மக்களே, நான் முப்பது வருஷமா துணி வெட்டுறேன். இவ்வளவு வேஸ்ட்டை என் வாழ்க்கையில பாத்தது கிடையாது!

முதல்ல டைட்டில் பாட்டு. அறுபத்திரண்டு தடவை. தூக்கு!

நேத்து நடந்தது. அதான் நேத்தே பாத்தாச்சே, தூக்கு! நாளைக்கு நடக்கப் போறது. அதான் நாளைக்குப் பாக்கப் போறோமே, தூக்கு! விளம்பரத்துக்கு முன்னாடி அடிச்ச அறையை விளம்பரம் முடிஞ்சதும் இன்னொரு தடவை அடிக்கிறா. ஒரு கன்னத்துக்கு ஒரு அறை போதும்.

அடுத்தது அதிர்ச்சி. ஒருத்தி "இந்தக் குழந்தை இந்த வீட்டு வாரிசே இல்ல"ன்னு சொல்றா. உடனே இடி இடிக்குது, வீட்டுக்குள்ள! வெளிய நல்ல வெயில். அந்த இடிக்கு மாமனார் முழிக்கிறாரு, மாமியார் முழிக்கிறாங்க, நாத்தனார் முழிக்கிறா, காப்பி கொண்டு வந்த வேலைக்காரம்மாவும் முழிக்கிறாங்க. ஆளுக்கு மூணு தடவை. ஒரு வாக்கியத்துக்கு நாலரை நிமிஷம் முழி. காப்பி ஆறிப் போயிருக்கும்.

"அண்ணாச்சி, இதை எல்லாம் ஒவ்வொண்ணா வெட்டினா தீவாளி வந்துருமே?"

"அதுக்கு இப்ப ஒரு வசதி வந்திருக்கு வே. பேச்சு இருக்குற இடத்தை மட்டும் வச்சிக்கிட்டு மத்ததைத் தானா வெட்டிரும்."

ஆகா! ஒரு பொத்தானை அமுக்கினாரு. அதுவா வெட்டிக்கிட்டே போகுது. அழுகை போச்சு. முழி போச்சு. மாடிப்படியில மெதுவா இறங்கி வர்றது போச்சு, ஜன்னல் வழியா வானத்தைப் பாக்குறது போச்சு. மிச்சம் இருந்ததுலயும் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னதை எல்லாம் நான் என் கையால வெட்டினேன்.

கடைசியில எவ்வளவு வந்துச்சு தெரியுமா? ரெண்டே கால் மணி நேரம்!

இருபத்திரண்டு மணி நேரக் கதை. அதுல உண்மையிலேயே நடந்தது ஒரு உயில், ஒரு கர்ப்பம், ஒரு போலீஸ் ஸ்டேஷன். அவ்வளவுதான். டிஸ்க்குல எழுதிப் போட்டுப் பாத்தா, நெத்தி வேர்வை வரைக்கும் தெரியுது. அண்ணாச்சியே எழுந்து நின்னு கை கொடுத்தாரு. "மாஸ்டர்னா மாஸ்டர்தான் வே"ன்னாரு. அன்னைக்கு நான் வீட்டுக்கு நடந்து வந்த நடையை எங்க தெரு இதுவரைக்கும் பாத்திருக்காது.

செவ்வாக்கிழமை சாயங்காலம் ஜெயாவையும் கூட்டிக்கிட்டு செம்பூர் போனோம். காலி வீடு, பேசினா எதிரொலிக்குது. தரையில பாய் விரிச்சு ரெண்டு பேரும் தயாரா உக்காந்திருந்தாங்க. காக்கு ஒரு பெரிய டின் நிறைய சிவ்டா கொண்டு வந்திருந்தாங்க. அவல் மிச்சரு. அஞ்சு நாளைக்கு வரணும்னு கணக்குப் பண்ணிச் செஞ்சதாம்.

பிளேயர் தட்டை ஹேர்பின்னால நெம்பித் திறந்து டிஸ்க்கை வச்சேன். உள்ள போச்சு. படம் வந்துச்சு.

"ஏ அப்பா! என்னமா தெளிவா இருக்கு!"ன்னாங்க அத்தை.

நான் சுவத்துல சாஞ்சு உக்காந்து மீசையைத் தடவிக்கிட்டேன்.

முதல் ஒரு நிமிஷம் நல்லாத்தான் போச்சு. சின்ன மருமக ஏதோ சொன்னா. அத்தை காக்கு பக்கம் திரும்பி, "யே ஜூட் போல்தா காக்கு, பூரா ஜூட்..."ன்னு ஆரம்பிச்சாங்க. பொய் சொல்றாளாம். அதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள டிவியில போலீஸ் வந்துருச்சு.

"காய் ஜாலா?"ன்னாங்க காக்கு. என்ன ஆச்சுன்னு கேக்குறாங்க.

"ருக்கோ ருக்கோ, போலீஸ் ஆயா, க்யோங்கி..."

இரு இருன்னு நிறுத்தி, போலீஸ் ஏன் வந்துச்சுன்னு சொல்றதுக்குள்ள பெரிய மருமக ஜெயிலுக்குப் போய், ஜாமீன்ல வந்து, கர்ப்பமாவும் ஆயிட்டா.

"காய் ஜாலா? காய் ஜாலா?"

அத்தைக்கு மூச்சு வாங்குது. கபடி கபடின்னு பாடுற மாதிரி விடாம சொல்லிப் பாக்குறாங்க. எட்டவே முடியல. அதுக்குள்ள மாமனார் உயில் எழுதி, திருத்தி, செத்தும் போயிட்டாரு. செத்த வீட்டுல யாரும் அழல. அழுததை எல்லாம் நான் வெட்டிட்டேனே! அவரு போன மறுநொடி மருமக "டீ போடட்டுமா?"ன்னு கேக்குறா.

காக்கு வாயைப் பொத்திக்கிட்டாங்க. "அரே தேவா! கோயி ரோயா பி நஹி?" ஒருத்தர் கூட அழலையாம்.

அப்பத்தான் எனக்கு மண்டையில உறைச்சுது. அந்த முழியும் இடியும் அழுகையும் வேஸ்ட்டே இல்ல. அந்த நேரத்துலதான் அத்தை காக்குவுக்குக் கதை சொல்லியிருக்காங்க! பதினாறு வருஷமா. நாலரை நிமிஷம் முழிக்கும்போதுதான் ரெண்டு பேரும் சின்ன மருமகளைத் திட்டுவாங்க, அப்படியே அவங்கவங்க மருமகளையும் கொஞ்சம் திட்டுவாங்க, முட்டி வலிக்கு என்ன தைலம்னு கேட்டுக்குவாங்க. நான் சீரியலை விட்டுட்டு அவங்க பேச்சை வெட்டியிருக்கேன்.

எட்டே காலுக்குப் படம் முடிஞ்சுது. திரை நீலமா நின்னுச்சு.

அத்தை பாயில முன்னால நகந்து திரையை எட்டிப் பாத்தாங்க. "அவ்ளோதானா மருமவனே?"

"ஆமா அத்தை. அறுபத்திரண்டும் இருக்கு. ஒண்ணு கூட விடல."

"அப்ப நாளைக்கு?"

நாளைக்கு என்ன இருக்கு? ஒண்ணும் இல்ல. நான்தான் நாலு நாளையும் மிச்சம் பிடிச்சுக் கொடுத்துட்டேனே.

காக்கு சிவ்டா டின்னை மூடினாங்க. ஒரு பிடி கூடக் குறையல. எழுந்திருக்கிறதுக்குக் கையை ஊனினாங்க. முட்டியைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து, அத்தை தோளைத் தட்டிட்டு எதுத்த வீட்டுக்குப் போனாங்க. அத்தை என்னை ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும். அவ்வளவு வெக்கமா இருந்துச்சு எனக்கு.

"ஏங்க, அந்த முதல் டிஸ்க்கு இருக்குல்ல?"ன்னா ஜெயா.

"அதுல சோபாவுக்கும் மருமகளுக்கும் வித்தியாசம் தெரியாதே!"

"இருபத்திரண்டு மணி நேரம் இருக்குல்ல?"

புதன்கிழமை மறுபடியும் வயித்து வலி. சேட்டு, "ஸ்கேன் எடு மாஸ்டர்"னாரு. மத்தியானமே அந்த மொசைக் டிஸ்க்கோட செம்பூர் போயி நின்னேன்.

இப்ப உள்ள இருக்குற டிஸ்க்கை எடுக்கணுமே? ஹேர்பின் வச்சேன், வளைஞ்சு போச்சு. தட்டினேன். கவுத்துப் போட்டுக் குலுக்கினேன். அத்தை முருகனைக் கூப்பிட்டாங்க, காக்கு கணபதியைக் கூப்பிட்டாங்க. அண்ணன் தம்பி ரெண்டு பேருமே வரல. கடைசியில திருப்புளியால மூடியைக் கழட்டி, அண்ணாச்சி எழுந்து நின்னு கை கொடுத்த என் டிஸ்க்கை இழுத்தேன். பாதிதான் வந்துச்சு. மீதியைத் துண்டு துண்டாப் பொறுக்கினேன். மூடி இல்லாத பொட்டியில மொசைக்கை வச்சு ஓட விட்டுட்டு, வாசல்கிட்ட நின்னேன். திட்டு விழுந்தா ஓடுறதுக்கு வசதியா.

"கோன் ஹை யே?"ன்னு காக்கு திரையைக் காட்டிக் கேட்டாங்க. இது யாரு?

அத்தை கண்ணைச் சுருக்கிப் பாத்தாங்க. "சின்னவதான்... பச்சைச் சேலை."

"நஹி நஹி. வோ படா வாலா." பெரியவளாம்.

"பச்சைச் சேலை சின்னவதான் கட்டுவா காக்கு!"

ஆரம்பிச்சிட்டாங்க. ஒவ்வொரு முகத்துக்கும் பஞ்சாயத்து. அங்க இடி இடிக்குது, கட்டம் எல்லாம் குலுங்குது. யாரு முழிக்கிறா, எப்படி முழிக்கிறான்னு அத்தை தன் முகத்தால முழிச்சுக் காட்டுறாங்க. காக்கு அதைப் பாத்து சிரிச்சு சிரிச்சு சிவ்டா புரை ஏறுது. அழுகை வந்துச்சு. டிவியில அழுறது சத்தமா மட்டும்தான் கேக்குது. ஆனா பாயில ரெண்டு பேருக்கும் கண்ணுல தண்ணி.

தினம் மத்தியானம் ரெண்டு மணிக்கே உக்காந்துருவாங்கன்னு ஜெயா சொன்னா. நாலு நாளும் அப்படித்தான். சனிக்கிழமை நான் கடைசிச் சாமானைக் கட்டப் போனப்போ அறுபத்திரண்டாவது ஓடி முடிஞ்சிருந்துச்சு. டிவியை அணைச்சிருந்தாங்க. ரெண்டு பேரும் இன்னும் பாயை விட்டு எழுந்திருக்கல. காக்கு கை அத்தை கைக்குள்ள இருந்துச்சு. சிவ்டா டின்னு காலி.

பயந்துக்கிட்டேதான் கேட்டேன். "எப்படி இருந்துச்சு அத்தை?"

அத்தை முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.

"படம் ஒரு மண்ணும் தெரியல மருமவனே. ரொம்ப நல்லாருந்துச்சு."